புதிய எண்ணும் பழைய எண்ணும்

கல்லூரி செல்லும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இந்நாளில் ஒரு புதிய செலவு தலைகாட்டுகின்றது. ‘கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும்’ என்று மகன் கேட்கிறான், மகளும் கேட்கிறாள். நீலசந்திராவில் வாழும் நம் மக்களிற் பலர்க்கு அதன் விலை ஒரு திங்கள் வருவாய். சீட்டுப் பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ அத்தொகையைத் திரட்டும் பெற்றோர், எஸ்.பி. சாலைக் கடையில் விற்பவர் அடுக்கும் எண்களுக்குத் தலையசைத்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். எண் பெரிதாயின் பொருளும் சிறந்தது என்பது அவர்தம் எண்ணம். அது எத்துணை உண்மை என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

கிராபிக்ஸ் கார்டு என்பது யாது? திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரைவதற்கென்றே அமைந்த தனி அட்டை. கணினியின் மூளையாகிய சி.பி.யு. கடினமான கணக்குகளைச் சிலவாக எடுத்து முடிக்கும். இவ்வட்டையோ எளிய கணக்குகள் பல்லாயிரத்தை ஒரே வேளையில் முடிக்கும். விளையாடுவோர்க்கு மட்டுமன்றி, அசைபடம் ஆக்குவோர்க்கும், காணொளி தொகுப்போர்க்கும், செயற்கை நுண்ணறிவு பயில்வோர்க்கும் இது வேண்டப்படுகிறது. ஆதலால், ‘விளையாட்டுப் பொருள்’ என்று ஒதுக்குதல் முறையன்று.

இவ்வட்டைகளுக்கான சிப்புகளை வடிவமைப்போருள் முதன்மையானது என்விடியா என்னும் அமெரிக்க நிறுவனம். அந்நிறுவனம் 1993ஆம் ஆண்டு தோன்றியது; அதன் பொறியியல் நிலையம் ஒன்று நம் பெங்களூரிலும் உள்ளது. அந்நிறுவனத்தின் நடுத்தர விலை அட்டைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2021 பிப்ரவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060. மற்றொன்று, 2023 ஜூனில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060. வெளிவந்தபோது அமெரிக்காவில் முன்னதன் விலை 329 டாலர். பின்னதன் விலை 299 டாலர்.

முன்னதில் கணக்கிடும் கோர்கள் 3584, பின்னதில் 3072. முன்னதன் நினைவகம் 12 ஜி.பி.; பின்னதன் நினைவகம் 8 ஜி.பி. நினைவகத்துக்குச் செல்லும் பாதையின் அகலம் முன்னதில் 192 பிட். பின்னதில் 128 பிட். அப்பாதை வழியே நொடிக்கு 360 ஜி.பி. தரவு முன்னதில் செல்லும். பின்னதில் 272 ஜி.பி. செல்லும். இம்மட்டில் பார்ப்பவர், ‘புதியது பழையதினும் தாழ்ந்ததன்றோ?’ என்று வியப்பர்.

இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நமக்கு எளிதில் தோன்றும் உவமை ஒன்று கூறுவோம். வேகன்களின் எண்ணிக்கையை மட்டும் கண்டு, ஒரு நாளில் எவ்வளவு சரக்கு நகரும் என்று எவரும் சொல்லிவிட இயலாது. வண்டியின் வேகம் என்ன, சரக்குக் கொட்டகை எவ்வளவு அருகில் உள்ளது என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். 4060இல் கோர்கள் குறைவாயினும் அவை 2.46 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகின்றன. 3060இன் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸ். மேலும், சிப்புக்குள்ளேயே ‘கேச்’ எனப்படும் சிறு கிடங்கு உண்டு. 3060இல் அதன் கொள்ளளவு 3 எம்.பி.; 4060இல் 24 எம்.பி. அடிக்கடி வேண்டும் சரக்கு அருகிலேயே இருப்பதால், குறுகிய பாதையில் தொலைவுக் கிடங்குக்குச் செல்லும் தேவை குறைகின்றது. 3060இன் சிப்பைத் தென்கொரியாவின் சாம்சங் 8 நானோமீட்டர் முறையில் செய்தது; 4060இன் சிப்பைத் தைவானின் டி.எஸ்.எம்.சி. அதனினும் நுண்ணிய முறையில் செய்தது. அதனாற்றான் வேகம் மிகுந்தும், மின் தேவை 170 வாட்டிலிருந்து 115 வாட்டாகக் குறைந்தது.

பயன் யாது? 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட வழக்கமான திரையில், விளையாட்டுகளில் 4060 ஏறத்தாழ 20 விழுக்காடு விரைவு மிக்கது. 3060 நொடிக்கு 60 படங்கள் வரையுமிடத்தில் இது 72 படங்கள் வரையும் என்க. இரு படங்களுக்கிடையே செயற்கையாக ஒரு படத்தைப் புகுத்தும் திறனும் 4060க்கு உண்டு. 3060க்கு என்விடியா அதனை அளிக்கவில்லை. ‘இருமடங்கு வேகம்’ என்று விற்பவர் கூறுவாராயின், இவ்விடைப்படங்களையும் சேர்த்துக் கூறுகிறாரா என்று வினவுக. இடைப்படம் கண்ணுக்கு இனிமை தரும். கை அழுத்தத்துக்குக் கணினி விடையளிக்கும் விரைவை அது கூட்டாது.

இனி மறுபக்கத்தைக் காண்போம். அசைபடம் பயிலும் மகள் பிளெண்டர் மென்பொருளில் ஒரு பெரிய காட்சியை அமைக்கிறாள் எனக் கொள்வோம். காட்சி சிறிதாயின் 4060 விரைந்து முடிக்கும். அக்காட்சிக்கு 10 ஜி.பி. நினைவகம் வேண்டுமாயின், 8 ஜி.பி. அட்டை திணறும், சிலபோது வேலையே நின்றுபோகும். 12 ஜி.பி. அட்டையோ மெல்லச் சென்றாலும் ஊர் போய்ச் சேரும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பயில்வோர்க்கும் இஃதே நிலை. வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம். இடமின்மையைப் பொறுத்துக்கொள்ள வழியில்லை.

மின்சாரச் சேமிப்பைப் பெரிதாகக் கூறுவோரும் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். வேறுபாடு 55 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் முழுச்சுமையில் ஓட்டினாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் எனக் கொள்ளின் 480 ரூபாய். நன்றேயாயினும், இஃதொன்றே முடிவு செய்யத்தக்க தொகையன்று. வீட்டிலுள்ள கணினி பழையதாயின், மற்றொன்றும் கருதத்தக்கது. 3060 தாய்ப்பலகையோடு 16 வழிகளால் இணைகிறது. 4060 எட்டு வழிகளால் மட்டுமே இணைகிறது. பழைய பலகையில் ஒவ்வொரு வழியின் வேகமும் குறைவாதலின், நினைவகம் நிரம்பி வழியும்போது 4060 மிகத் தளரும்.

கடைக்குச் செல்வோர் இரண்டு எச்சரிக்கைகளை மனத்திற் கொள்க. 2022இல் 3060 என்னும் அதே பெயரில் 8 ஜி.பி. அட்டை ஒன்றும் வந்தது. அதன் பாதை 128 பிட். வேகம் நொடிக்கு 240 ஜி.பி. மட்டுமே. பெயரைக் கண்டு வாங்கின் ஏமாற்றமே மிஞ்சும். பெட்டியில் ‘12 ஜி.பி.’ என அச்சிட்டிருப்பதைக் காண்க. அடுத்து, கைமாறிய அட்டைகள். எத்தீரியம் என்னும் இணைய நாணயத்தை ஈட்டுதற்கு அந்நாளில் பலர் இத்தகைய அட்டைகளை இரவு பகலாக ஓட்டினர். 2022 செப்டம்பரில் அந்நாணயத்தின் முறை மாறவே, உழைத்துக் களைத்த அட்டைகள் பல சந்தைக்கு வந்தன. பழையதை வாங்குவோர், கடையிலேயே அரைமணி நேரம் முழுச்சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுக. இரசீதும் எஞ்சிய உத்தரவாதமும் இன்றி வாங்காதொழிக.

2025 மே திங்களில் 5060 என்னும் அட்டையும் வந்துவிட்டது. அதன் கோர்கள் 3840. நினைவகத்தின் வேகமும் நொடிக்கு 448 ஜி.பி. ஆயினும் நினைவகம் அதே 8 ஜி.பி. எனவே, எண் ஏறினும் நம் கேள்வி தீர்ந்தபாடில்லை.

விளையாட்டும் எளிய காணொளித் தொகுப்பும் நோக்கமாயின் 4060 தக்கது. பெரிய காட்சிகளும் நுண்ணறிவுப் பயிற்சியும் நோக்கமாயின், 12 ஜி.பி. கொண்ட 3060 தக்கது. பாடநூல் படித்தலும் கட்டுரை தட்டச்சிடுதலுமே நோக்கமாயின் இரண்டுமே வேண்டுவதில்லை. பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் வேண்டா. கேட்டவுடன் கொடுத்துவிடவும் வேண்டா. என்ன வேலை செய்யப்போகிறாய், அதற்கு எத்தனை ஜி.பி. வேண்டும் என்று வீட்டிலேயே அமர்ந்து கேளுங்கள். அவ்விடை கையில் இருந்தால், கடைக்காரர் எத்தனை எண்களை அடுக்கினும் நம் சீட்டுப் பணம் வழிதவறாது.