தண்டின் பல் தேய்ந்தால்

ஜேர்மனியிலே பி. எம். டபிள்யூ. நிறுவனத்தார் 1923ஆம் ஆண்டில் ‘ஆர் 32’ என்னும் மோட்டார்ச் சைக்கிளை வெளியிட்டபோது, சங்கிலியை ஒழித்து, சுழலும் தண்டொன்றினாலே பின் சில்லை ஓட்டினர். மாக்ஸ் பிரிட்ஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அம்முறை இன்றும் வழக்கிலுண்டு. சங்கிலி நாளடைவில் நீளும். சேறும் மணலும் அதனைத் தின்னும். தண்டுக்கு அத்தொல்லை இல்லை. இல்லையென்றே அதனை மறந்துவிடுவோர்தாம் பெரும்பாலும் நடுவழியில் நிற்கின்றனர்: இயந்திரம் உறுமும், வண்டி நகராது.

தண்டும் அது சென்று பொருந்தும் உறுப்பும் ஒன்றையொன்று பற்றுவது, நெடுக வெட்டப்பட்ட பற்களாலும் தவாளிப்புகளாலுமாகும். இவற்றை ஸ்பிளைன் என்பர். 1984க்கு முற்பட்ட, பின்புறம் இரு அதிர்வுதாங்கிகள் கொண்ட அந்நிறுவன வண்டிகளிலே பின் சில்லின் குடத்தினுள்ளும் இப்பற்கள் உள. இடைவிடாது நுண்ணிதாய் உராயும் இவற்றிடையே கிறீஸ் வற்றினால் உலோகம் பொடியாய் உதிரும். அப்பொடி செந்துருவாகி, குருந்தக்கல் தூள்போலப் பற்களை மேலும் அராவும்.

நோயை அறிவது அரிதன்று. இயந்திரத்தை அணைத்து, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, கியரில் இட்டுப் பின் சில்லைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். சிறிது ஆட்டம் பற்சில்லுகளிடையே என்றும் உண்டு, அதுகண்டு அஞ்சவேண்டா. ‘டக்’கென்ற ஓசையை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கும் மெக்கானிக்கை நாம் நம்புவதில்லை. சில்லைக் கழற்றிக் கண்ணாற் காண்பதே சான்று. நல்ல பல்லின் உச்சி தட்டையாயிருக்கும். தேய்ந்த பல்லோ கூராகி, வாளின் பல்போல ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். பழைய வண்டி வாங்கப் புகுவோர், வர்ணப் பூச்சைப் பாராட்டுமுன் இதனைப் பார்ப்பது நன்று.

கூராகிவிட்ட பல்லைக் கிறீஸ் மீட்டுத் தராது. சிலர் உலோகத்தை உருக்கி அப்பி, அரத்தால் அராவிக் கொடுப்பர். அப்பற்கள் எல்லாம் ஒருசேரச் சுமை தாங்கா. ஆதலின் அவ்வேலை நிலைப்பதில்லை. தேய்ந்த பகுதியைக் கடைசற் பொறியிற் கடைந்து நீக்கி, புதிய பல்வளையம் பொருத்துவதே முறை. அதுவும் இணையிரண்டையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். செலவுக்கு அஞ்சி ஒன்றை மட்டும் மாற்றினால், தேய்ந்தது புதியதையும் விரைவிலே கெடுத்துவிடும். பின்னர் இரட்டைச் செலவுதான்.

டயர் மாற்றச் சில்லைக் கழற்றும்போதெல்லாம் பழைய அழுக்கைத் துடைத்து, மொலிப்டினம் கலந்த கருநிறக் கிறீஸை மெல்லப் பூசுக. மெல்ல என்றது காரணத்தோடுதான். இவ்வண்டிகள் பலவற்றிற் பிரேக்குக் கட்டைகளும் அக்குடத்தின் உள்ளேயே இருக்கின்றன. மிகுந்த கிறீஸ் சுழற்சியிலே தெறித்து அவற்றின்மேற் படும்.