சட்டியில் உள்ளதே அகப்பையில் வரும்

எம்மிடம் கற்கும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினர். பாவித்த மின் கிற்றார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குதல் தகுமா? வாங்கினால், அதிலுள்ள 'பிக்கப்'பைக் கழற்றிவிட்டு உயர்ந்த விலையுடைய வேறொன்றைப் பூட்டுதல் வேண்டுமா? கிற்றார் விற்போரும், ஓரளவு வாசிக்கத் தெரிந்த நண்பரும் அவ்வாறே சொல்கின்றனராம். பிக்கப் என்றதும் எம்மூரவர்க்கு நெல் மூடை ஏற்றும் வாகனமே நினைவில் எழும். ஈண்டு யாம் பேசப் புகுவது அவ்வாகனத்தைப் பற்றியன்று. கிற்றாரின் தந்திகளுக்குக் கீழே, கட்டைவிரலளவு நீளமுள்ள பெட்டியாகக் கிடக்கும் சிறு உறுப்பைப் பற்றியேயாம்.

இவ்வினாவைச் சிறு வினாவென்று தள்ளிவிடுதல் முறையன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியது. அதன் பின்னர் சிறிது இறங்கிய போதிலும் பழைய நிலைக்கு அது மீளவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் புதிய கருவியொன்றை வாங்குதல், ஒரு போக நெல்லை விற்றுக் குடும்பம் நடத்தும் தந்தைக்கு எளிதான காரியமன்று. ஆதலின் பாவித்த கருவியை நாடுதல் அறிவுடைமையே. ஆயின், அவ்வழியில் மிச்சப்படுத்திய பணத்தை மறுவாரமே வேறொரு கடையில் கொடுத்துவிட்டு வருதல் அறிவுடைமையாகுமா? அதுவே நாம் ஆராய வேண்டியது.

பெற்றோர்க்கு வேறோர் ஐயமும் உண்டு. 'கிற்றார் நமக்குரிய வாத்தியமா?' என்று அவர்கள் கேட்பர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பாடிப் பரப்பிய ஈழத்துப் பொப் இசையைக் கேட்டு மகிழ்ந்தவர்களே இன்று பாட்டன் பாட்டிமாராக இருக்கின்றனர். கர்நாடக இசையில் உப்பலபு ஸ்ரீநிவாஸ் என்னும் மேதை மின் மாண்டலினையே தம் கருவியாகக் கொண்டார். 1969இல் பிறந்து 2014இல் மறைந்த அவர், சிறுவராயிருந்தபோதே கச்சேரி செய்து பெரியோரை வியக்க வைத்தவர். மாண்டலினுக்கு இயல்பாக உள்ளவை நான்கு சோடித் தந்திகள். அவர் ஐந்து தனித் தந்திகளை அமைத்துப் பிக்கப்பின் துணையோடு வாசித்தார். மீட்டிய ஒலி நொடியில் தேய்ந்துவிடும் சிறு கருவியில் கமகம் நின்று ஒலிப்பதற்கு அவ்வமைப்புப் பேருதவி செய்தது. கருவி எந்நாட்டினதாயினும், அதில் எழும் இசை வாசிப்பவனுடையதன்றோ?

இனி, பிக்கப் என்பது யாது? வன்னியில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்குதல் மிக எளிது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் போர் முடியும்வரை ஏறக்குறைய இரண்டு தசாப்தங்கள், இப்பகுதியிற் பெரும்பாலான ஊர்களுக்கு மின் இணைப்பு இருக்கவில்லை. டோர்ச் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. அக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்திலேயே வானொலி கேட்டோம். சுற்றுபவன் களைத்தால் செய்தியும் களைக்கும், பாட்டும் இழுபடும். 1997இல் புளியங்குளத்தைச் சுற்றிப் பெரும் போர் மூண்டு ஊரே இடம்பெயர்ந்தபோது, மூட்டை முடிச்சுகளோடு அந்தச் சைக்கிள்களும் உடன் சென்றன.

அந்த டைனமோவினுள் இருந்தவை இரண்டே பொருள்கள்: ஒரு காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள். சுருளினூடாகச் செல்லும் காந்தப் புலம் மாறுமாயின் சுருளில் மின் தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்தார். பௌதிகவியல் மாணவர் இதனை மின்காந்தத் தூண்டல் என்று படிப்பர். பிக்கப்பினுள் இருப்பவையும் அவ்விரண்டே. டைனமோவில் காந்தம் சுழல்கின்றது. பிக்கப்பிலோ காந்தமும் சுருளும் அசைவதில்லை. அவற்றின் மேலே உருக்குத் தந்தி அதிர்கின்றது. காந்தத்தின் அருகிருக்கும் தந்தி தானும் காந்தத்தன்மை பெற்று அசைவதால் புலம் மாறுகின்றது; சுருளில் நுண்ணிய மின் பிறக்கின்றது. நைலோன் தந்தி பூட்டிய கிற்றாருக்கு இப்பிக்கப் பயன்படாமைக்குக் காரணமும் இதுவே. தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறையும், மெல்லிய தந்தி 330 முறையும் அதிர, மின்னும் அவ்வாறே அதிரும். அதனைப் பெருக்கி ஒலியாக்குவது அம்பிளிபயரின் வேலை. அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷம் என்பவர் இம்முறையில் அமைத்த கிற்றாரை, அடொல்ப் ரிக்கன்பக்கரின் நிறுவனம் 1932இல் விற்பனைக்கு விட்டது. இன்றைய பிக்கப்புகளிற் பெரும்பாலானவை அதே தத்துவத்தின் வழிவந்தவையே.

இவ்விளக்கத்திலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். தந்தி எவ்வாறு அதிர்கின்றதோ அதையே பிக்கப் எடுத்துரைக்கும். வளைந்த கழுத்தும் துருப்பிடித்த தந்தியும் தேய்ந்த மெட்டும் உள்ள கருவிக்கு எத்துணை விலையுயர்ந்த பிக்கப்பைப் பூட்டினும், அது அக்குறைகளையே உரத்துச் சொல்லும். சட்டியில் உள்ளதுதானே அகப்பையில் வரும்? பொன்னகப்பை செய்து போட்டாலும் கூழ் பாயசமாகிவிடாது.

ஆகவே வாங்கச் செல்வோர் முதலிற் பார்க்க வேண்டியது சட்டியையே. யமாஹா பசிபிக்கா, பெண்டர் நிறுவனத்தின் ஸ்குவயர், கிப்சன் நிறுவனத்தின் எபிபோன், ஐபனீஸ் ஆகியன பழகுவோர்க்கு ஏற்ற, பாவித்த நிலையிற் கிடைக்கக்கூடிய பெயர்கள். ஆயினும், தலைப்பகுதியிற் பொறித்த பெயரை மட்டும் நம்புதல் கூடாது, போலிகளும் உலவுகின்றன. மாடு வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலக் கருவியைக் கையில் எடுத்துச் சோதித்தல் வேண்டும். வீணை அறிந்தார்க்கு இதன் உறுப்புகள் யாவும் பழக்கமானவையே. அங்குள்ள மெட்டு, பிரடை, குதிரை என்பன இங்கும் உள.

கழுத்தை முதலிற் பார்க்க. தடித்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்தினால், நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டுகளின் மேல், ஓர் அஞ்சலட்டையின் கனமளவு இடைவெளி இருத்தல் நன்று. இடைவெளி பெரிதாயின் கழுத்து முன்னோக்கி வளைந்துள்ளது. இடைவெளியே இல்லையாயின் கழுத்து நேராகவோ பின்னோக்கி வளைந்தோ உள்ளது. சிறு வளைவைக் கழுத்தினுள் ஓடும் இரும்புக் கோலைத் திருகிச் சரிசெய்யலாம். அத்திருகாணி இறுகிக் கிடந்தாலோ, கழுத்து முறுக்கேறியிருந்தாலோ அக்கருவியை விட்டு விலகுக. அடுத்து, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் ஒலி கரகரத்தாலோ அடைத்துப் போனாலோ மெட்டுத் தேய்ந்திருக்கலாம். பிரடைகள் நழுவாமல் நிற்கின்றனவா என்பதையும் பார்க்க. பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வேறுபடுமாயின் குதிரையை நகர்த்திப் பெரும்பாலும் திருத்தலாம்.

இவற்றின் பின்னரே மின் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். இதற்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள மல்ரிமீற்றர் போதுமானது. கிற்றாரில் வயரைச் செருகி, ஒலி அளவுக் குமிழை முற்றாகத் திறந்துவிட்டு, வயரின் மறுமுனையின் நுனிக்கும் அதன் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள தடையை அளக்க. ஒற்றைச் சுருள் பிக்கப்பாயின் 5 முதல் 8 கிலோ ஓம் வரையிலும், இரட்டைச் சுருளாயின் 7 முதல் 15 கிலோ ஓம் வரையிலும் பொதுவாகக் காட்டும். ஆளியை ஒவ்வொரு நிலையிலும் மாற்றி அளந்து பார்க்க. எல்லை கடந்த தடையைக் காட்டினால் எங்கோ கம்பி அறுந்துள்ளது. பூச்சியத்தைக் காட்டினால் எங்கோ இரு முனைகள் ஒட்டியுள்ளன. பற்றரியால் இயங்கும் பிக்கப்புகளை மட்டும் இவ்வாறு அளந்து முடிவுகூற இயலாது. சுருளின் கம்பி தலைமயிரளவே மெல்லியது. அது பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். ஆதலின் அறுந்த சுருளை நீர்ப்பம்பி மோட்டார் சுற்றும் கடையில் கொடுத்துத் திருத்திவிடலாமென்று எண்ணி வாங்குதல் கூடாது. குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்புக்கோ, வயரை ஆட்டும்போது ஒலி விட்டுவிட்டு வருவதற்கோ அஞ்ச வேண்டியதில்லை. அவை தூசியாலும் தளர்ச்சியாலும் வருவன. சிறு செலவில் தீர்வன. விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அவை நல்ல காரணங்களுமாகும்.

பிக்கப்பை மாற்றச் சொல்வோர் பெரும்பாலும் காட்டும் குறை, ஓயாத உறுமல் ஒலியாகும். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று வீதம் திசைமாறி ஓடுவது. வீட்டு வயர்களிலிருந்து எழும் அப்புலத்தையும் ஒற்றைச் சுருள் பற்றிக்கொள்கின்றது. இதற்கு மாற்றாக, கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்பவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். இரு சுருள்களும் எதிரெதிராக இணைக்கப்பட்டு, காந்த முனைகளும் எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ ஒன்றோடொன்று சேரும். நெல்லை விட்டுக் களையை மட்டும் பிடுங்குவதை ஒத்த இவ்வழகிய சூழ்ச்சி, உறுமலை அடக்குவதோடு ஒலியையும் சற்றுக் கனமாக்கும். ஒற்றைச் சுருளின் தெளிந்த, மணி போன்ற ஒலியை விரும்புவோர்க்கு அது பிடிக்காமலும் போகலாம். ஆதலின் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கொள்ளுதல் பிழையாம்.

உறுமலைப் பற்றிப் பேசுமிடத்து உயிரைப் பற்றியும் பேசுதல் கடனாகின்றது. கிற்றாரின் தந்திகள் வயரின் வழியாக அம்பிளிபயரின் புவித்தொடுப்போடு, அதாவது 'ஏர்த்' வயரோடு, இணைக்கப்பட்டவை. தந்தியைத் தொட்டதும் உறுமல் குறையுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. தொடும்போது கூடுமாயினும், கையில் மெல்லிய அதிர்ச்சி தோன்றுமாயினும், உடனே மின்னை நிறுத்திவிட்டு மின்வினைஞரை அழைத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரித்தானியாவின் சுவான்சி நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' என்னும் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, புவித்தொடுப்புச் சரியாக அமையாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மேடையிலேயே மின் தாக்கி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 27. போருக்குப் பின் அவசரமாக மின் இணைப்புப் பெற்ற வீடுகள் எம் பகுதியிற் பல. மூன்று முனைச் செருகியின் புவித்தொடுப்பு முனையை ஒடித்துவிட்டு இரு துளையிற் செருகும் வழக்கமும் ஆங்காங்கே காணப்படுகின்றது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கின்றதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பின்னரே மின் கிற்றாரை உள்ளே கொண்டுவருக. புதிய பிக்கப்புக்கு வைத்திருக்கும் பணம் இச்செலவுக்குப் போனாலும் நட்டமில்லை.

பணத்தைச் செலவிடும் ஒழுங்கு இவ்வாறு அமைதல் நன்று. முதலில் ஒரு தொகுதிப் புதிய தந்தி. பழைய கிற்றாரின் ஒலி மழுங்கியிருப்பதற்குக் காரணம் பலகாலும் துருவேறிய தந்தியே. அடுத்து, கழுத்தையும் குதிரையையும் சீராக்குதல். அதனை அடுத்து, பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்தல். இதற்கு ஒரு திருகாணிச் சாவி போதும், காசு வேண்டியதில்லை. கடைசி மெட்டில் தந்தியை அழுத்தினால், தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மில்லி மீற்றர் இருக்கும்படி தொடங்கி, காதால் கேட்டுக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுக்க, சுரம் தள்ளாடும். மிக விலகினால் ஒலி மெலியும். பிக்கப்பையும் குமிழ்களையும் கொண்ட குழியின் உட்புறத்தில் செப்புத் தகடு ஒட்டி அதனைப் புவித்தொடுப்போடு இணைத்தால் இரைச்சலில் ஒரு பகுதி குறையும். பின்னர் அம்பிளிபயர். காதிற்கு எட்டும் ஒலியில் அதற்குள்ள பங்கு மிகப் பெரிது. இத்தனைக்கும் பின்னரே பிக்கப்.

அப்படியாயின் பிக்கப்பை மாற்றுதல் என்றும் வீணோ? அன்று. கழுத்து நன்றாயிருந்து, வாசிப்பவன் ஓராண்டேனும் பழகி, 'இதன் ஒலியில் இன்னது குறைகின்றது' என்று தன் சொல்லால் எடுத்துரைக்கும் நிலையை அடைந்திருந்தால், மாற்றுதல் பயன் தரும். அப்போதும், அளவு பொருந்துமா என்று பார்த்து, குதிரையின் அருகிலுள்ள ஒன்றை மட்டும் முதலில் மாற்றுக. இரட்டைச் சுருளை ஒற்றைச் சுருளின் குழியில் அப்படியே இருத்த இயலாது. அக்குழிக்கெனச் செய்த ஒடுங்கிய வகையைத் தேடுதல் வேண்டும். பொதுவாக ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் குமிழும், இரட்டைக்கு 500 கிலோ ஓம் குமிழும் பொருந்துவன. கழற்றிய பழையதை எறிந்துவிடாது வைத்துக்கொள்க. கருவியை விற்க நேர்ந்தால், புதிய பிக்கப்புக்குக் கொடுத்த விலையை வாங்குவோர் தரமாட்டார். பழையதைப் பூட்டிவிட்டுப் புதியதைத் தனியே விற்கலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கிற்றார் கேட்டால், முதலில் இரவலாக ஒன்றைப் பெற்று மூன்று மாதம் பழக விடுங்கள். விரல் நுனி காய்த்த பின்னும் ஆசை நிலைத்திருந்தால், அதனை வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று நல்ல பழைய கருவியொன்றை வாங்கிக் கொடுங்கள். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் உறவினர் தம்மிடம் சும்மா கிடக்கும் ஒன்றைக் கொண்டுவருவாராயின் இன்னும் நன்று. நாம் பிள்ளைகளாயிருந்த காலத்தில், காந்தமும் கம்பிச் சுருளும் பிறர் பாடிய பாட்டைக் கேட்கவே எமக்கு உதவின. அதற்கும் ஒருவர் கை ஓயாமற் சுற்ற வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைகள் அவ்விரண்டையும் கொண்டு தாமே இசையெழுப்ப விழைகின்றனர். பரீட்சை நெருங்கும் மாதங்களில் கருவிக்கு உறையிட்டு வைக்கும்படி சொல்லுங்கள். மற்றைய நாள்களில் மாலையில் ஒரு மணி நேரம் அதனை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.