மே மாதச் சம்பளம் யாருக்கு?

"அவங்களுக்கு இன்னாப்பா, வருஷத்துல பாதி நாள் லீவு. லீவுக்கும் சம்பளம்!"

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் எங்கள் தேவிகாபுரம் டீக்கடைகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்வரை ஓயாது. ஆசிரியர் யாராவது அந்தப் பக்கம் பைக்கில் போனால் குரல் கொஞ்சம் தாழும். அவர் தெரு முனையைத் தாண்டியதும் மறுபடி ஏறும்.

பேசுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் தறிக் குடும்பத்தில் பிறந்தவன்தான். எங்கள் தெருவில் கூலி என்பது நாள் கணக்கில் இல்லை, சேலைக் கணக்கில். சேலையை அறுத்து முதலாளியிடம் கொடுத்தால்தான் காசு. அடைமழை பிடித்துக்கொண்டால் குழித்தறிக்குள் ஈரம் ஏறும், பாவு பிசுபிசுக்கும், தறி நிற்கும். அடுத்த பாவு வர பத்து நாள் ஆனால் பத்து நாளும் சும்மா. காய்ச்சல் என்றால் சும்மா. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் சும்மா. சும்மா இருக்கிற நாளுக்கு ஒரு பைசா கிடையாது. இப்படிப் பிழைக்கிறவரின் பக்கத்து வீட்டில், மே மாதம் முழுக்க ஈஸிசேரில் சாய்ந்திருந்த ஒருவருக்கு மாதக் கடைசியில் செல்போனில் 'டிங்' என்று சம்பளம் வந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரியட்டும். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் பார்த்துவிடலாம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள் பள்ளி நடக்க வேண்டும். 6 முதல் 8 வரை 220 நாட்கள். அரசு அலுவலகத்துக்கு வாருங்கள். சனி, ஞாயிறு என்று 104 நாட்கள் போய்விடும். அரசு விடுமுறைகளில் வார நாட்களில் வருபவை ஏறக்குறைய 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 240 சொச்சம். இதில் அலுவலக ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாட்கள் ஈட்டிய விடுப்பு உண்டு. ஆசிரியருக்கு 17 நாட்கள்தான். கோடை விடுமுறை தருகிறோமே என்று அந்த 13 நாட்களை அரசு முன்கூட்டியே கழித்துக்கொண்டுவிட்டது. இருவரும் அந்த விடுப்பை முழுதாக எடுத்தால் அலுவலக ஊழியர் 210 நாட்கள் பக்கம் வேலைக்கு வருவார், நடுநிலைப் பள்ளி ஆசிரியர் 200 நாட்கள் பக்கம் வருவார்.

ஆக, ஆசிரியருக்கு லீவு கூடுதல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதி வருஷம் என்பது பேச்சுக்குச் சொல்வது. மற்றவர் லீவு வருஷம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆசிரியர் லீவு ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்கிறது. அதுவும் அக்னி நட்சத்திரத்தில், ஊரே திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்து போகிற வருகிறவரை எண்ணிக்கொண்டிருக்கும் மாதத்தில்! தவிர, அந்த விடுமுறை ஆசிரியருக்காக வந்ததே இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து மே வெயிலில் ஓட்டுக் கட்டிடத்துக்குள் ஐம்பது பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது என்பதற்காக வந்தது. 2024இல் வெயில் குறையாததால் பள்ளி திறப்பு ஜூன் 10 வரை தள்ளிப் போனது. அப்போதும் டீக்கடையில் திட்டு வாங்கியது ஆசிரியர்கள்தான்.

சரி, பள்ளி நடக்கிற நாட்களில் என்ன வேலை? ஒன்பதரைக்கு உள்ளே போய் நாலேகாலுக்கு வெளியே வருவதுதானே என்கிறார்கள். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியர் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்கிறது, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து. தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊடை ஓடுகிற நேரம் மட்டுமா நெசவு? தார் சுற்ற வேண்டும், பாவைத் தெருவில் நீட்டி விட வேண்டும், பழைய பாவோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். அந்த நாட்களில் தறியில் 'தடக் தடக்' சத்தமே இருக்காது. வெளியூர்க்காரன் பார்த்தால் 'இன்னைக்கு லீவா?' என்று கேட்பான். இதற்கெல்லாம் தனிச் சம்பளம் யாரும் தருவதில்லை. அறுத்துக் கொடுக்கிற சேலையின் கூலிக்குள்தான் அந்த நாட்களும் அடக்கம்.

மாதச் சம்பளமும் அப்படிப்பட்டதுதான். வருஷத்து வேலைக்கு ஒரு தொகை, அதைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தருகிறார்கள். இங்கிலாந்தில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்கே அரசுப் பள்ளி ஆசிரியரின் வேலை ஆண்டுக்கு 195 நாட்கள், தலைமை ஆசிரியர் சொல்கிறபடி பள்ளியில் செலவிட வேண்டிய நேரம் 1,265 மணி. திருத்துவதும் தயாரிப்பதும் இதற்கு மேல். சம்பளம் பன்னிரண்டு மாதமும் வரும்.

நம் ஊரில் மணி எண்ணி எழுதி வைக்கவில்லை, வேலையை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பொதுத்தேர்வு முடிந்தால் விடைத்தாள் திருத்தும் முகாம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய நாளே பெட்டி படுக்கையோடு போய், தெரியாத ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்து எழுந்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள் என்று சொன்னால் மிகையாக இருக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போவதும் அவர்கள்தான். சட்டத்தின் 27ஆவது பிரிவு, கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும் 'எமிஸ்' செயலியைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. வருகைப் பதிவு, மதிப்பெண், ஆதார் எண், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எல்லாம் அதில் ஏற வேண்டும். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஆசிரியர்கள் எல்லோரும் தங்கக் கட்டிகள் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு செல்போனைத் தேய்ப்பவர்களும், வட்டிக்கு விடுவதை முதல் தொழிலாகவும் பாடம் நடத்துவதை இரண்டாவதாகவும் வைத்திருப்பவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. டீக்கடைப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றுவது அவர்கள்தான். ஆனால் என் பேச்சு அவர்களைப் பற்றி அல்ல.

'வாத்தியார் சம்பளம்' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அப்படி ஒரு சம்பளமே கிடையாது. ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பாருங்கள். முதுநிலைப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் தொடக்கத்திலேயே 36,900 ரூபாய், அகவிலைப்படி தனி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில், காலிப் பணியிடத்துக்காகப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியர். அதே படிப்பு, அதே பிளஸ் டூ பாடம். 2022இல் இந்த ஏற்பாடு வந்தபோது நிர்ணயித்த தொகுப்பூதியம் 12,000, பிறகு 18,000. தொடக்கப் பள்ளிக்குப் போனால் இடைநிலை ஆசிரியர்கள் இரண்டு சாதியாக இருப்பார்கள். 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 என்று வைத்தார்கள், ஜூன் 1இல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் பட்டினி கிடந்தார்களே, அவர்கள் இந்தப் பிந்திய நாள்காரர்கள்தான்.

இவர்களுக்கெல்லாம் கீழே ஒருவர் இருக்கிறார். டிராயிங் சார், பி.இ.டி. சார், தையல் டீச்சர், கம்ப்யூட்டர் டீச்சர் என்று பிள்ளைகளுக்குப் பிடித்த ஆட்கள். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதத்துக்கு 5,000 ரூபாய். பிறகு 7,000, 7,700, 10,000 என்று நத்தை வேகத்தில் ஏறி, 2024 தொடக்கத்தில் 12,500 ஆனது. நிரந்தரம் செய்வோம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்றாக இருந்தது. அரை நாள் என்பது பெயருக்குத்தான். விளையாட்டு விழா, கலைத்திருவிழா, ஆண்டு விழா என்றால் முழு நாளும் அவர்கள் மைதானத்தில்தான் நிற்பார்கள். போனவர்கள், விட்டவர்கள், இறந்தவர்கள் போக இப்போது 12,000 பேர் அளவில் மிச்சம்.

இவர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது.

இதைத்தான் நம் டீக்கடை கவனிக்கவில்லை. 'லீவுக்கும் சம்பளம்' என்று நாம் பொருமுகிற அதே மே மாதத்தில், அதே பள்ளியில், லீவு விட்டதும் சம்பளம் நிற்கிற ஆசிரியர் இருக்கிறார். பதினோரு மாதக் கூலி. நம் தறிக்காரர் நிலைமைதான் அவருக்கும். பாவு வராத மாதம் அவருக்கு மே.

தனியார் பள்ளிகளின் கதை இதைவிடச் சத்தமில்லாதது. என் அக்கா மகள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். ஏப்ரல் கடைசியில் சம்பளத்தோடு ஒரு சிரிப்பு தருவார்கள்: "ஜூன்ல வந்துடும்மா." மே மாதத்தில் பணம் வராது, ஆனால் அட்மிஷனுக்காகத் தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுக்கப் போக வேண்டும். கேட்டால் ஜூன் மாதம் நாற்காலி இருக்காது. "மாமா, நான் டீச்சர்னு வெளிய சொன்னா எல்லாரும் கொடுத்து வெச்சவன்னு சொல்றாங்க" என்று சிரிப்பாள். அவளைவிடத் தார் சுற்றும் அவள் மாமியார் அந்த மாதம் கூடச் சம்பாதித்திருப்பார்.

இந்தப் பொருமல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் இரண்டு முறை பார்த்திருக்கிறோம். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, சுமார் 1.7 லட்சம் பேரை அரசு ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கியது. ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதம் கொடுத்துத் திரும்பினார்கள். அப்போது ஊரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், அனுதாபத்தைவிட 'நல்லா வேணும்' என்ற குரல்தான் அதிகம் கேட்டது. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ போராட்டத்தின்போதும் அதேதான். மாநில வருவாயில் பெரும்பகுதி இவர்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது என்று அரசு சொல்ல, நாம் தலையாட்டினோம். அவர்கள் இடத்துக்கு 10,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிறோம் என்று அறிவித்தபோது, பட்டம் வாங்கிய நம் வீட்டுப் பிள்ளைகளே விண்ணப்பத்தோடு ஓடினார்கள்.

அந்தப் பத்தாயிரம்தான் இப்போது வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. தொகுப்பூதியம், பகுதிநேரம், தற்காலிகம், தன்னார்வலர். 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். வேலை பள்ளிக்கூட வேலை, கணக்கு தறிக் கணக்கு. 36,900 வாங்குகிறவரைப் பார்த்து நாம் எரிகிற எரிச்சலில், அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு 18,000க்கு ஆள் வந்து உட்காருவது நம் கண்ணில் படவில்லை. நாளைக்கு நம் பேத்தி பி.எட். முடித்துவிட்டு வந்தால் அவளுக்குக் கிடைக்கப்போவது எந்த நாற்காலி? லீவுக்குச் சம்பளம் தருவது அநியாயம் என்று நாமே ஊர்ப் பேச்சாக்கி வைத்திருந்தால், அவளுக்காக யாரிடம் போய்க் கேட்பது? கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நெசவாளருக்காவது சேமிப்புத் திட்டம், தீபாவளி போனஸ் என்று ஏதோ இருக்கிறது. தனியார் முதலாளியிடம் நெய்பவருக்கு மழைக்கால நாலு வாரத்துக்கு ஏதாவது கொடு என்று கேட்க இந்த ஊரில் இன்னும் ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. வாத்தியார் லீவைப் பற்றி மட்டும் தினமும் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியர் இருக்கிறார். ஊர் பேர் வேண்டாம். மே மாதம் முழுக்க அண்ணன் வீட்டுத் தறியில் உட்காருகிறார். கை நல்ல கை, அன்னமும் மயிலும் அவர் போட்டால் தனியாகத் தெரியும். ஏப்ரல் சம்பளம் வந்தது, செலவழிந்தது. மே கிடையாது. ஜூனில் பள்ளி திறக்கும். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நோட்டு, பை, ஷூ எல்லாம் அன்றைக்கு வேண்டும். ஜூன் மாதச் சம்பளம் ஜூன் கடைசியில்தான் வரும். போன வாரம் பார்த்தபோது, மே 31க்குள் சேலையை அறுத்துவிட வேண்டும் என்று ராத்திரி பத்து மணிக்கும் விளக்குப் போட்டு நெய்துகொண்டிருந்தார்.