ட்ரோஃபிக்கே ஓட்டு

பழைய பிரிட்டிஷ் பைக் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ட்ரையம்ப் போனவில் டி120. அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால், அதே கம்பெனி அதே மெரிடன் தொழிற்சாலையில், அதே 649 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜினை வைத்து அதற்கு முன்பே தயாரித்து வந்த டிஆர்6 ட்ரோஃபிக்கு உரிய மரியாதை இன்றுவரை கிடைக்கவில்லை.

ட்ரோஃபி 1956 மாடல். போனவில் 1959 மாடல். முக்கிய வித்தியாசம் கார்புரேட்டர்தான். ட்ரோஃபிக்கு ஒன்று, போனவில்லுக்கு இரண்டு. இன்னும் வேகம் வேண்டும் என்று அமெரிக்க டீலர்கள் நச்சரித்ததன் விளைவு அது. போனவில் என்ற பெயரும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. 1956-ல் யூட்டாவின் போனவில் உப்புவெளியில் ட்ரையம்ப் இன்ஜின் பொருத்திய வண்டியில் ஜானி ஆலன் மணிக்கு 214 மைல் தொட்டார். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அந்தச் சாதனையை ஏற்கவில்லை. ஆனால், கம்பெனி விடுமா? அந்த உப்புவெளியின் பெயரையே வண்டிக்குச் சூட்டிவிட்டது.

பந்தயத்தில் போனவில்லை அசைக்க முடியாது. 1969-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் மால்கம் அப்ஹில் மணிக்கு 100 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்தது அதில்தான்.

அன்றாடம் ஓட்டுவது வேறு கதை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப, அமல் கார்புரேட்டரின் சின்னப் பித்தானைப் பெட்ரோல் கசிந்து விரல் நனையும்வரை அழுத்திவிட்டு கிக்கரை உதைக்க வேண்டும். போனவில்லில் இதை இரண்டு முறை செய்ய வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. த்ராட்டிலைத் திருகும்போது, இரண்டு கார்புரேட்டர்களுக்குள்ளும் இருக்கும் ஸ்லைடுகள் ஒரே நேரத்தில், ஒரே அளவு எழ வேண்டும். ஒன்று மயிரிழை முந்தினாலும் ஐடிலிங் தடுமாறும். ஒரு சிலிண்டர் இழுக்க, மற்றது பின்தங்கும். கேபிள் கொஞ்சம் தளர்ந்தால் மறுபடியும் ட்யூனிங். ட்ரோஃபியில் இந்தத் தொல்லையே கிடையாது. அதிவேகத்தில் கொஞ்சம் குறைந்தாலும், சாதாரண சாலையில் அந்தக் குறை தெரியவே தெரியாது.

நாள் முழுக்க வண்டியிலேயே இருந்த பிரிட்டிஷ் போலீஸாருக்கு ட்ரையம்ப் செய்து கொடுத்த 'செயின்ட்' மாடலும் ஒற்றைக் கார்புரேட்டர் டிஆர்6 வகைதான். 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஜெர்மன் ராணுவ வண்டியாக வேடம் போட்டு முள்வேலியைத் தாண்டியது ட்ரோஃபி; தாண்டியவர் ஸ்டன்ட் வீரர் பட் எகின்ஸ். படத்தின் நாயகன் ஸ்டீவ் மெக்வீன் 1964-ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் பந்தயத்துக்கு எடுத்துச் சென்றதும் டிஆர்6 தான்.

சந்தையில் இன்றும் போனவில்லுக்கே கிராக்கி. அதனாலேயே நல்ல டிஆர்6 வண்டிகள் பலவற்றில் இரட்டைக் கார்புரேட்டர் ஹெட்டைப் பொருத்திப் போனவில்லாக மாற்றிவிட்டார்கள். போனவில் வைத்திருப்பவர்களில் சிலரோ, ட்யூனிங் தொல்லை தாங்காமல் ஒற்றைக் கார்புரேட்டருக்கு மாறுகிறார்கள். அலங்காரத்துக்கு நிறுத்திவைக்க நினைப்பவர்கள் போனவில்லை வாங்கட்டும். ஓட்டுவதற்கென்று தேடுகிறவர்கள் டிஆர்6-ஐப் பார்க்க வேண்டும். கிடைத்தால், அதை மாற்றாமல் அப்படியே ஓட்ட வேண்டும்.