பரீட்சையா, ஓசி வேலையா?



போசரியிலும் சாகனிலும் பட்டறை வாசலில் வேலை கேட்டு நிற்கும் நம் பிள்ளைகளிடம், "முதலில் ட்ரையல் பார்க்கலாம், வா" என்கிறார்கள். லேத்தில் ஒரு துண்டைக் கடைந்து காட்டச் சொல்வது நியாயமே. வெல்டரிடம் ஓர் ஒட்டுப் போட்டுக் காட்டச் சொல்வதும் நியாயமே. கைத்தொழிலுக்குக் கையே சாட்சி. அந்தச் சோதனைக்கு நாம் அஞ்சுகிறவர்கள் அல்லர்.

ஆனால் ஒரு மணி நேரச் சோதனை ஏழு நாளாக நீள்கிறதே, அது எந்த ஊர் நியாயம்? ஏழாம் நாள் "சரிப்படவில்லை" என்று ஒருவனை அனுப்பிவிட்டு, எட்டாம் நாள் அதே மெஷின் முன்னால் அடுத்தவனை நிறுத்தினால், வருஷம் முழுவதும் கூலியில்லாமலே உற்பத்தி நடக்குமே! மெஸ்ஸில் "ருசி பார்க்கிறோம்" என்று நம் பெண்களை இரண்டு வேளைப் பந்திக்குச் சமைக்க வைப்பதும், தையல் கூடத்தில் "மாதிரிக்கு" என்று கட்டுக் கட்டாகத் தைத்து வாங்குவதும் இதே தந்திரம்தான்.

அளவுகோல் ஒன்றே. செய்த பொருள் ஸ்கிராப்புக்குப் போனால் அது பரீட்சை. விலைக்குப் போனால் அது வேலை. வேலை என்றால் கூலி!

"இஷ்டமிருந்தால் வா, கட்டாயமில்லை" என்பார்கள். இதற்கு 1982-லேயே பதில் கிடைத்துவிட்டது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமையும் பசியும் ஒருவனைத் தள்ளினால் அதுவும் பலவந்தமே என்றது. குறைத்துக் கொடுப்பதே குற்றமென்றால், ஒன்றுமே கொடுக்காததை என்னவென்பது?

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. முதலாளி நீக்கினாலும், நாமே நின்றுகொண்டாலும், இரண்டு வேலை நாளுக்குள் கூலிக் கணக்கைத் தீர்க்க வேண்டும். பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம்.

சட்டம் தானாக வீடு தேடி வராது. உள்ளே நுழையுமுன் "எத்தனை நாள், என்ன கூலி?" என்று கேளுங்கள். நாள், நேரம், செய்த உருப்படிகளின் எண்ணிக்கை, உடன் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். எழுத வராதவருக்கு வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதித் தரட்டும். ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். ஒருவன் சும்மா உழைத்தால் பத்துப் பேரின் கூலி இறங்கும்.

திறமையைக் காட்டுவோம். உழைப்பைத் தானம் செய்ய மாட்டோம்!