பித்தளை பளபளத்தால் போதுமா?

போன வருஷம் என் பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய், ஒஹாயோ மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா? அந்த ஊர்க் குளிரைப் பற்றியும், அங்கே கறிவேப்பிலைக்கு நான் பட்ட பாட்டைப் பற்றியும் இந்தப் பக்கத்தில் எழுதித் தீர்த்தாகிவிட்டது. ஒரு பித்தளைச் சமாசாரம் மட்டும் பாக்கி இருக்கிறது.

அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி ஓரமாக வந்து நின்று வெகு நேரம் வேடிக்கை பார்த்தார். எழுபதைத் தாண்டியவர், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எதைப் போட்டுத் தேய்க்கிறார்கள்?" என்று என் பெண்ணைக் கேட்டார். "புளி" என்றதும், "அப்படியா, அமிலமா!" என்று துள்ளிக் குதிக்காத குறையாக வீட்டுக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது அவருடைய இரண்டு கைகளிலும் பித்தளைச் சாமான்கள். சுண்ணாம்புச் சிமிழை நீளவாக்கில் இழுத்துவிட்ட மாதிரி சின்னச் சின்னக் குப்பிகள். நானும் ஆசையாக வாங்கிப் பார்த்தேன்.

அவை துப்பாக்கித் தோட்டாக்கள் என்று பெண் சொன்னதும் சட்டென்று கீழே வைத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். "வெறும் கூடுதான் அம்மா, ஒன்றும் செய்யாது" என்று சிரித்தாள். உள்ளே குழந்தை அழுதது. போய்த் தூக்கிக்கொண்டேன். அந்தக் கையைத் துடைத்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

துப்பாக்கியைச் சுட்டால் பறந்து போவது குண்டு மட்டும்தானாம். பித்தளைக் குப்பி காலடியிலேயே விழுந்துவிடும். அதைப் பொறுக்கி வந்து, அடியில் இருக்கும் வெடித்த கேப்பைத் தட்டி எடுத்துவிட்டு (நம் குழந்தைகள் தீபாவளிக்கு வெடிக்கும் கேப்புக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்) புதுக் கேப்பும், மருந்தும், குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா தயார். நம் தேசத்தில் தோட்டா தயாரிக்க 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்கிறவர்களை மத்திய சர்க்கார் லைசென்ஸ் கேட்பதில்லை. நம்மில் சிலர் வீட்டிலேயே ஊறுகாய் போட்டுக்கொள்கிறதைப் போல, கடைத் தோட்டாவைவிடச் செலவு குறைவு, கைப்பக்குவமும் நம்முடையது என்று எத்தனையோ பேர் செய்கிறார்கள். இந்தப் பெரியவர் மான் வேட்டைக்கும், கிளப்பில் இலக்கு வைத்துச் சுடுவதற்கும் செய்துகொள்கிறார்.

இதில் அந்த வீட்டில் ஒரு தீராத வழக்கு. குப்பிகளைத் தங்கம் மாதிரி விளக்கினால்தான் பெரியவருக்குத் திருப்தி. காரேஜில் ஒரு குலுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார். பொடித்த மக்காச்சோளத் தக்கையையும் அக்ரோட் ஓட்டையும் அதில் கொட்டி, குப்பிகளைப் போட்டுவிட்டால் மணிக்கணக்கில் கடகடவென்று ஆடும். அவர் சம்சாரத்துக்கு அந்தச் சத்தமும் ஆகாது, தன் வடிதட்டை அவர் எடுத்துப் போய் அந்தப் பொடியைச் சலிப்பதும் ஆகாது. "பளபளப்பான தோட்டா பட்டால் மான் சந்தோஷமாகச் சாகுமா?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டாள். பித்தளை விளக்கத் தெரிந்தவள் என்பதால் என்னையே பஞ்சாயத்துக்கு உட்கார்த்திவிட்டார்கள்!

நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில் அந்த அம்மாள் பக்கம் பாதி நியாயம் இருந்தது. பித்தளை கறுத்துப் போனாலும் தோட்டா சுடும். நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த உலோகம் அது. மருந்து எரியும்போது குப்பி விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அனல் பின்னால் வராமல் அடைக்கும். பிறகு கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்கும். இந்தக் காரியத்துக்கு மினுமினுப்பு வேண்டியதில்லை. உள்ளே படியும் கரிகூடக் கெடுதல் இல்லையாம். குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர்கள் சிலர், குப்பியின் வாய்க்குள் இருக்கும் மெல்லிய கரியை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்களாம்; குண்டு வழுக்கிக்கொண்டு ஒரே சீராக உட்காரும் என்று.

பின்னே ஏன் இத்தனை ஆசாரம்? பழைய காலத்துக் கறுப்பு மருந்து எரிந்தால் மிஞ்சும் கசடு, ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரிக்கும். அதனால் சுட்ட அன்றே சோப்புத் தண்ணீரில் போடாவிட்டால் குப்பி பாழ். 1886இல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத் துப்பாக்கிக்குப் புகையில்லாத மருந்தைக் கொண்டுவந்தார்கள். மற்ற தேசத்தாரும் பின்பற்றினார்கள். மருந்து மாறிவிட்டது, தாத்தா சொல்லிக்கொடுத்த பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. நம் வீடுகளில் இல்லாததா?

ஆனால் பெரியவர் பக்கத்திலும் விஷயம் இருந்தது. விரிந்த குப்பியைப் பழைய அளவுக்குக் கொண்டுவர இரும்பு அச்சுக்குள் அழுத்த வேண்டும், முறுக்கு நாழியில் மாவை அழுத்துகிற மாதிரி. தரையில் விழுந்த குப்பியில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போச்சு, அச்சில் கீறல் விழும். அதற்குப் பிறகு அந்த அச்சில் நுழையும் ஒவ்வொரு குப்பிக்கும் அதே கீறல். இதைவிட முக்கியம், குப்பியைக் கண்ணால் பரிசோதிப்பது. நாலைந்து தடவை விரிந்து சுருங்கிய பித்தளை இறுகிப்போய் வாய் வெடிக்கும். சிலவற்றில் அடிப்பக்கத்தைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியும், இன்னொரு தடவை சுட்டால் அங்கேயே அறுந்துபோகும் என்பதற்கு அடையாளம். அறுந்தால் அனல் சுடுகிறவர் முகத்துக்கே திரும்பலாம். அழுக்கு மூடியிருந்தால் அந்தக் கோடு கண்ணில் படுமா? பச்சைக் களிம்பு ஏறி அரித்துக் குழி விழுந்ததை அவர் தேய்ப்பதே இல்லை, தூர எறிந்துவிடுகிறார். ஆக, துணியால் துடைத்து மண்ணும் பிசுக்கும் போனால் போதும். கண்ணாடி மாதிரி மின்னுவது அவர் ஆசைக்கு.

எனக்கும் ஒரு யோசனை தோன்றிற்று. "இத்தனை நேரம் குலுக்குவானேன்? கடையில் விற்கிற திரவப் பாலிஷைத் தொட்டுத் துணியால் தேய்த்தால் இரண்டே நிமிஷம்!" என்றேன். பெரியவர் தலையைப் பலமாக ஆட்டினார். "அதில் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அது பித்தளையை என்ன செய்யும் என்பதை உங்கள் தேசத்தில்தான் கண்டுகொண்டார்கள்" என்று ஒரு கதை சொன்னார்.

போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துக் கீறல் விட்டனவாம். யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் பித்தளையில் விரிசல்! பருவத்துக்குப் பருவம் வந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மழை ஓய்கிறவரை தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்ததுதான் வினை. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் மழையின் ஈரமும் சேர்ந்து, தகட்டை இழுத்து வளைத்துச் செய்தபோது அதற்குள் தங்கிப்போன இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிளந்திருக்கின்றன. மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் 1921இல்தான் காரணத்தைத் தெளிவாக விளக்கினார்கள். அளவாகச் சூடு காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் வெடிப்பதில்லை. ஆக, பளபளப்புக்காகப் பூசுகிற பாலிஷே குப்பியைப் பலவீனமாக்கிவிடலாம். பாலிஷ் யோசனையை நான் அதோடு மடித்து வைத்துவிட்டேன்.

புளியை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். அவர்களிலும் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கலந்து குப்பிகளை ஊறவைக்கிறவர்கள் உண்டு. சில நிமிஷத்துக்கு மேல் ஊறக்கூடாதாம். ஊறினால் துத்தநாகம் கரைந்து குப்பி சிவப்பாகிவிடும். புளியில் போட்டு மறந்துவிட்ட சொம்பு செம்பு நிறத்துக்குத் திரும்புவதைப் பார்த்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்!

பஞ்சாயத்து இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக முடிந்திருக்கும். நவம்பர் மாதத்தில் வந்தது வேறு சேதி.

அந்தத் தம்பதிகளின் பேரனுக்கு இரண்டு வயது. தாய் வேலைக்குப் போவதால் பகலெல்லாம் தாத்தா பாட்டியோடுதான். தாத்தாவின் காலைச் சுற்றிக்கொண்டு காரேஜில் தவழ்வதும், கீழே சிந்திய சோளப் பொடியை அள்ளி விளையாடுவதுமாக இருப்பான். அந்த வயதில் வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனையில் டாக்டர் காரீயம் கண்டார். ஒரு டெஸிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம். 3.5 இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021இல் அங்கே விதித்திருக்கிறார்கள்; குழந்தைக்கு இவ்வளவு காரீயம் இருந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாதாம். பார்த்தால் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது. மூளை வளர்கிற பருவத்தில் அது உள்ளே இருந்து புத்தியைக் குறைக்கும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீடு 1978க்கு முன் கட்டியதா?" அதுவரை வீட்டுப் பெயிண்டில் காரீயம் இருந்தது. இரண்டாவது கேள்வி: "வீட்டில் யாராவது துப்பாக்கி சுடுகிறவர்கள், தோட்டா செய்கிறவர்கள் உண்டா?"

தோட்டாவின் கேப்பில் பெரும்பாலும் இருப்பது காரீயம் சேர்ந்த ஓர் உப்பு. சுட்டதும் அதன் சாம்பல் குப்பிக்குள் படிகிறது. மணிக்கணக்கில் குலுக்கும்போது அத்தனையும் சோளப் பொடியில் ஏறி, மூடியைத் திறந்ததும் தூசியாகக் கிளம்புகிறது. பாட்டியின் வடிதட்டில் சலித்தால் கேட்கவே வேண்டாம். அவர்கள் வீடு பழையது. பெயிண்டா, தூசியா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரியவர் பிரித்துப் பார்க்கவும் இல்லை. இரண்டு நாள் அவர் வேலிப்பக்கமே வரவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துப் பயப்படாதீர்கள். அதுவும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். இது காரீயம். இரண்டையும் ஒரே பேரால் நாம் அழைப்பதுதான் வம்பு. சொம்பு வாங்கும்போது கலப்படம் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

நான் புடவையில் கையைத் துடைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினேனே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு மூன்று குப்பிகளைத் தொட்டதால் பெரிய ஆபத்து வந்திருக்காது என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். இருந்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பேத்திக்குப் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று காகிதம் கையில் வந்த பிறகுதான் சாப்பாடு இறங்கிற்று.

பெரியவர் குலுக்கும் இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது மூடி போட்ட பீப்பாயில் தண்ணீரும், சோப்பும், துளி எலுமிச்சை உப்பும் விட்டுச் சுழற்றுகிறார். ஈரத்தில் தூசி கிளம்பாது. அந்த அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதில்லை. ஜாடியில் பிடித்து வைத்து, ஊரில் நச்சுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கிறார். குப்பிகளைச் சம்சாரத்தின் அடுப்பில் உலர்த்துவதும் நின்றது. காரேஜைப் பெருக்குவது கிடையாது, ஈரத் துணியால் துடைப்பதுதான். கையுறை, தனிச் சட்டை, அந்தச் சட்டைக்குத் தனித் துவையல். பேரன் நுழையாமல் கதவுக்குத் தாழ்ப்பாள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் வாரம் குழந்தைக்கு மறு பரிசோதனை நடந்தது. 5 என்பது 3க்கு இறங்கியிருந்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது அந்த அம்மாள் புது வடிதட்டைக் காட்டினாள். பழையது காரேஜ் சுவரில் ஆணியில் தொங்கிற்று. அதன் அடியில் பெரியவர் சிவப்புப் பெயிண்டால், 'சமையலுக்கு அல்ல' என்று எழுதியிருந்தார்.