உள்ளே என்ன பேசினாய் என்று கேட்க வேண்டாம்

உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்கு வருவோரின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எத்தனை நாளில் குணமாகும்?" இரண்டாவது கேள்வியை அவர்கள் எங்களிடம் கேட்பதில்லை, வீடு திரும்பும் வழியில் நோயாளியிடம் கேட்கிறார்கள்: "உள்ளே என்ன பேசினாய்?" முதற்கேள்விக்கு இயன்ற விடையைக் கீழே தருகிறோம். இரண்டாவதைக் கேட்காதிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் உறுதியான கருத்து.

இச்சிகிச்சை வியன்னா நகரில் சிக்மண்ட் ஃபிராய்டு தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது. நம் நாட்டுக்கும் இது புதிதன்று; கல்கத்தாவில் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அந்நாளில் நோயாளி வாரத்தில் பல நாள் வந்து, சாய்ந்து படுத்தபடி பேசுவது வழக்கம். இன்று பெரும்பாலோர் வாரத்திற்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து, நாற்காலியில் எதிரெதிரே அமர்ந்து, சுமார் 50 நிமிடம் பேசுகிறார்கள். நாளும் நேரமும் மாறுவதில்லை. மனத்தில் தோன்றுவதைத் தோன்றியபடியே சொல்லலாம். கோவையாக இருக்க வேண்டியதில்லை. கனவைச் சொல்லலாம், அற்பமெனப்படுவதைச் சொல்லலாம், பேச ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம்.

சிகிச்சையாளர் குறைவாகவே பேசுவார். மருத்துவரைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டோடு வெளியே வந்து பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். "எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், ஒரு வழியும் சொல்லவில்லையே" என்ற மனக்குறை எங்கள் காதுக்கும் வருகிறது. அறிவுரை வேண்டிய அளவுக்கு வீட்டிலும் உறவிலும் முன்னரே கிடைத்திருக்கும். அதனால் தீராத ஒன்றைத் தேடியே அவர் இங்கு வருகிறார்.

பிறரோடு பழகும் முறையை நாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வதில்லை. தந்தையின் கோபத்துக்கு அஞ்சி வளர்ந்தவருக்குச் சிகிச்சையாளரின் மௌனமும் கோபமாகத் தோன்றும். சிறு வயதில் தனித்து விடப்பட்டவருக்கு, சிகிச்சையாளர் இரண்டு வாரம் விடுப்பில் சென்றாலும் கைவிடப்பட்டதாகவே படும். இவ்வுணர்வுகளைச் சிகிச்சைக்கு இடையூறு என்று எண்ணி மறைக்க வேண்டாம். பழைய காயம் இருவர் கண்முன்னும் உயிரோடு தெரியும் இடம் இதுதான். அங்கேயே அதைப் பேச முடியும். ஆகவே சில வாரங்கள் மனம் முன்னைவிடக் கனக்கலாம், அழுகை வரலாம், "இனி அங்கே போகமாட்டேன்" என்றும் தோன்றலாம். நிறுத்துவது நோயாளியின் உரிமை. ஆயினும் வராமல் நின்றுவிடுவதைவிட, ஒருமுறை வந்து அதையே சொல்லிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இனி, எத்தனை நாள் என்ற கேள்வி. சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை ஆகலாம். லண்டன் டாவிஸ்டாக் மையத்தில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேறு சிகிச்சைகளால் போதிய பயன் பெறாமல் நெடுநாள் மனச்சோர்வால் வருந்திய 129 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு 18 மாதம் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையும் தரப்பட்டது. மறுபிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சிகிச்சை முடிந்த நேரத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஓரளவு நோய் தணிந்திருந்தோர் முதற்பிரிவில் 30 விழுக்காடு, மறுபிரிவில் 4.4 விழுக்காடு. நோய் முழுதும் நீங்கியோர் இரு பிரிவிலும் குறைவே. நாங்கள் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. மூன்றாம் மாதத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று தீர்ப்பெழுதுவது அவசரம் என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறோம்.

எல்லா நிலைக்கும் இது ஏற்றதன்று. மனநோய் கடுமையாக இருக்கும் காலத்தில் மருந்தே முதன்மை; மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வுக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். அறையில் சொல்லப்படுபவை பெரும்பாலும் பாதி உருவானவை. நோயாளிக்கே இன்னும் விளங்காதவை. வீட்டில் விசாரணை உண்டு என்று தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் அவர் வீட்டாரின் செவிக்கு ஏற்றபடி பேசத் தொடங்கிவிடுவார். அதோடு சிகிச்சை நின்றுபோகும், வருகை மட்டும் தொடரும். "என்னைப் பற்றித்தான் குறை சொல்கிறாளோ" என்று ஒரு தாய் கலங்குவது எங்களுக்குப் புரியாததன்று. சொல்லவும் கூடும். அங்கே சொல்லப்படுவது ஒரு மகளின் வலி. அதை வைத்து நாங்கள் தாயை எடைபோடுவதில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் இரகசியம் காக்கப்படும் உரிமையை உறுதி செய்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. சிகிச்சையாளருக்கு மறைவாகத் தொலைபேசியில் செய்தி சொல்ல முயல வேண்டாம். நீங்கள் பேசியதை அவர் நோயாளியிடம் தெரிவித்தே ஆவார்.

குடும்பத்தார் செய்யக்கூடியது வேறு நிறைய உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் வேறு வேலை சுமத்தாதிருக்கலாம். பேருந்துச் செலவையும் கட்டணத்தையும் சொல்லிக்காட்டாமல் தரலாம். திரும்பும் வழியில் அவர் பேசாமல் வந்தால் பேசாமலே உடன் வரலாம். கவலை தாங்கவில்லையென்றால், நோயாளியின் சம்மதத்தோடு கூட்டுச் சந்திப்பு ஒன்றைக் கேளுங்கள். அவரும் உடனிருக்க, நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.